படிப்பு என்று ஒரு கட்டம்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் எனக்குக் கை ஓடும். பெரிய பேத்தி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ரத்தத்தில் இருக்கிற ஜீனைப் படித்து, வயதான காலத்தில் யாருக்கு மறதி நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று பார்க்கிற வேலை. அவர்கள் எழுதின ஆராய்ச்சிக் கட்டுரையில் அவள் பேர் அச்சில் வந்திருக்கிறது, மூன்றாவது பேராக. போட்டுக்கொண்டு போகிற வெள்ளைக் கோட்டு தோளில் தொளதொளவென்று இருந்தது, நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அவள் தம்பி கப்பலில் இரண்டாம் என்ஜினியர். போன மாதம் அனுப்பின படத்தில் மீசை வைத்திருக்கிறான். என்ஜினுக்குப் போகிற எண்ணெயில் பாதி மீசைக்குப் போகும் போல. சின்ன மகனுடைய மூத்தவள் பள்ளிக்கூடங்களுக்கு இடையில் நடந்த நீச்சல் போட்டியில் இரண்டாவது. முதலில் வந்தவளுக்குக் கால் நீளம், அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. கடைக்குட்டியை நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுகிறோம். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லையாம், நடுவரே சிரித்துவிட்டாராம்.

இவர்களில் ஒருத்தர் பிறந்த தேதியும் எனக்கு மறக்கவில்லை. தோள் அளவு, இடுப்பு அளவு கேட்டால்கூடச் சொல்வேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். "நல்லா இருக்கற வயசானவங்களும் வேணும் பாட்டி, நோய் உள்ளவங்களோட ஒப்பிட்டுப் பார்க்க" என்று பேத்தி சொன்னாள். நான் இருக்கிறேனே என்றேன். ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் ஒரு அறையில் உட்காரவைத்து, பேத்தியோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி கேள்வி கேட்டாள். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னாள். மூன்றுதான் வந்தது. பக்கமெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு பெட்டி வரையச் சொன்னாள். நான் வரைந்தது உடைந்த ஜன்னல் மாதிரி இருந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், நடுவில் வழுக்கிவிட்டது. முப்பதுக்கு இருபத்திரண்டு. 'லேசான அறிவாற்றல் குறைபாடு' என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. அது நின்ற இடத்திலேயே நிற்கவும் செய்யலாம், சரியாகவும் போகலாம், அந்த நோயாகவும் மாறலாம் என்றாள். நடுவில் சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

இப்போது உன் ரத்தமும் வேண்டுமாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் நிறையத் தெரியுமாம். உன் ஊரிலேயே அவர்களுக்கு ஒரு கிளை இருக்கிறது.

ஒன்றே ஒன்று. தாய் தகப்பனுக்கு இந்த நோய் இருந்ததா என்று படிவத்தில் கேட்பார்கள். நான் இல்லை என்று போட்டிருக்கிறேன். நீயும் அப்படியே போட்டுவிடு. அம்மா காய்ச்சலில்தான் போனாள்.

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் இந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு பேரப்பிள்ளைகளைத் தாண்டி விஷயத்துக்கு வர ஒரு பக்கம் ஆகியிருக்கிறது. உன் வழக்கம்.

அம்மா காய்ச்சலில் போகவில்லை. ஒன்பது வருஷம் என் வீட்டில் இருந்தாள். அதில் கடைசி நான்கு வருஷம் நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து நான் திரும்பினால், "வீட்ல யாரும் இல்லம்மா, அப்புறமா வாங்க" என்று கதவைச் சாத்துவாள். பக்கத்து வீட்டு அம்மா வந்து எனக்குச் சிபாரிசு செய்ய வேண்டும்.

உன் சின்ன மகன் கல்யாணத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு வந்தேன். நீ எங்கள் இரண்டு பேரையும் மாடி அறையில் உட்காரவைத்தாய். "பெண் வீட்டுக்காரங்க போற வரைக்கும் இருந்துக்கோ" என்றாய். வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கீழே எல்லோரும் சிரித்துப் பேசுகிற சத்தம். அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் வாய்ப்பாடு சொன்னேன், அது ஒன்றுக்குத்தான் அடங்குவாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை போனோம். அப்புறம் சாவுக்கு வந்தவர்களிடமும் காய்ச்சல் என்றாய். அன்றோடு உன்னிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

உன் இருபத்திரண்டு மார்க் வந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். அதை மறைக்கவில்லை. ஆனால் அம்மாவைப் பற்றி நான் பொய் எழுதமாட்டேன். ரத்தம் கொடுப்பதா என்று யோசிக்கிறேன்.

தங்கை


மார்ச் 1

தங்கச்சிக்கு,

நீ எழுதினதை மூன்று தடவை படித்தேன். தாழ்ப்பாள் போட்டது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர் கீழே உட்கார்ந்திருக்கிறார். "இது ரத்தத்தில் வருமா, நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைக்கும் வருமா" என்று அவர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? இன்றைக்கு அதே கேள்வியைத்தான் என் பேத்தி சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஐந்து வார்த்தை என்னை விடமாட்டேன் என்கிறது. ஏணி, பஞ்சு, மீன், வாசல், நீலம். பல் தேய்க்கும்போது சொல்கிறேன், தையல் மெஷினை மிதிக்கும்போது சொல்கிறேன். முந்தாநாள் நான்கு வந்தது, ஐந்தாவது வரவில்லை. நின்று யோசிக்கிறேன், யோசிக்கிறேன், வேர்த்துக் கொட்டுகிறது. கையில் பார்த்தால் நீல நூல்கண்டு. உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பார்க்கிறார்கள். "அத்தை, அடுப்ப அணைச்சீங்களா?" என்று மருமகள் கேட்கிறாள். இருபது வருஷமாகக் கேட்காதவள். அணைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, அவள் போனதும் நானே எழுந்து போய்ப் பார்க்கிறேன். வாயாடி என் முகத்துக்கு நேராக வந்து, "பாட்டி, நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்றாள். "நீ ஒரு குரங்கு" என்றேன். "சரி, பாஸ்!" என்று ஓடிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

முன்பெல்லாம் ஒரு பொருளை எங்கே வைத்தேன் என்று தேடினால் அது தேடுவதுதான். இப்போது ஒவ்வொன்றும் சாட்சி சொல்ல வருகிறது. கத்தரிக்கோல் கிடைக்கவில்லை என்றால் என் காலடியில் தரை இறங்குகிறது. அம்மா அந்த அறையில் எப்படிப் பார்த்தாளோ அப்படித்தான் நானும் ஒருநாள் பார்ப்பேனோ? கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான். அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

ரத்தம் கொடு. படிவத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

போனேன். ரத்தம் கொடுத்தேன். அம்மாவுக்கு இருந்தது என்று எழுதினேன், எத்தனை வயதில் தொடங்கியது என்றும் எழுதினேன். பேர் போடுவதில்லை, எண்தான். ஆனால் ஒரே குடும்பம் என்று குறித்துவைப்பார்கள். உன் 'இல்லை'யும் என் 'ஆம்'மும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப்போகின்றன. அதை நீயே முன்னால் போய்ச் சரி செய்துவிடு.

எனக்கும் அந்தப் பரீட்சை வைத்தார்கள். முப்பத்தாறு வருஷம் பரீட்சை வைத்தவளுக்கு ஒரு பரீட்சை. பென்சிலைக் கொடுத்ததுமே முதுகு நிமிர்ந்துவிட்டது. பெட்டி வரையச் சொன்னார்கள், கரும்பலகையில் எத்தனை ஆயிரம் தடவை வரைந்தது. ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், கேள்வி கேட்ட பையன் தாளைப் பார்த்துச் சரிபார்ப்பதற்குள் நான் இரண்டில் வந்து நின்றுவிட்டேன். முப்பதுக்கு இருபத்தெட்டு.

இப்போது நான் கேட்கப்போவதற்குக் கோபப்படாதே. தொடங்குவதற்கு முன்னால் எத்தனை வருஷம் படித்தீர்கள் என்று கேட்டான். எதற்கு என்றேன். "அதிகம் படிக்காதவங்களுக்கு அளவுகோல் வேற மேடம். பேப்பர் பென்சில் பழக்கம் இல்லாதவங்களுக்குக் குறைவா வரும், அது நோய் இல்ல. படிச்சவங்க அதே மார்க் வாங்கினாத்தான் கவலைப்படணும்" என்றான்.

அக்கா, படிப்பு என்கிற கட்டத்தில் நீ என்ன சொன்னாய்?

தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

உன் கேள்வியைப் படித்ததும் கடிதத்தைத் தூக்கி எறிந்தேன். பிறகு எடுத்து மடித்து வைத்தேன்.

பத்தாவது என்று சொன்னேன். போதுமா?

அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் பேத்தி வெள்ளைக் கோட்டில் நிற்கிறாள். ஐந்தாவது என்று என் வாயில் எப்படி வரும்? யாரிடம்தான் நான் ஐந்தாவது என்று சொல்லியிருக்கிறேன்? என் வீட்டுக்காரருக்கே கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் தெரியும். நீ பிறந்தாய், அம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்தது, உன்னைத் தூக்கிக்கொண்டு உட்கார ஒரு ஆள் வேண்டும். ஆறாம் வகுப்புப் புத்தகம் வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தேன். அது அட்டையோடு போயிற்று. உன்னைக் குறை சொல்லவில்லை, நீ கைக்குழந்தை. ஆனால் நீ பெட்டி வரைந்த பெருமையை எழுதும்போது இதையும் ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியை என் தையல் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு இரண்டையும் சொன்னேன். "என் படிப்பு அஞ்சாவதுதான். உன் கொள்ளுப்பாட்டி காய்ச்சல்ல போகல, அவங்களுக்கு மறதி நோய்" என்றேன்.

முதலில் படிப்புக்குத்தான் கத்தினாள். "என்ன பாட்டி இது! ஒரு தப்பான நம்பர் போனா எங்க கணக்கே சாயும். அதுக்கும் மேல, நீ ரெண்டு மாசமா சாப்பிடாம தூங்காம கெடந்தியே, எல்லாம் இதுக்கா?" என்றாள். அப்புறம் கொள்ளுப்பாட்டி விஷயம் அவளுக்குள் இறங்கியது. முகம் மாறிவிட்டது. கல்யாணத்தன்று மாடிக்குப் போகாதே, காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று அவளிடமும் சொல்லியிருந்தேன். "கதவு தட்டற சத்தம் கேட்டுச்சு பாட்டி. நான் உன்கிட்ட வந்து சொன்னேன். காத்துல அடிக்குதுன்னு சொன்ன" என்றாள்.

அப்புறம், "நாள் முழுக்க அடுத்தவங்க ரத்தத்தைப் படிக்கிறேன். என்னோடத மட்டும் இன்னும் பார்க்கல. எனக்கும் பயமா இருக்கு" என்றாள். அவளுக்கு நான் தைரியம் சொல்ல வேண்டும் இல்லையா? பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

படிவத்தைத் திருத்தினார்கள். ஐந்தாவது படித்தவளுக்கு இருபத்திரண்டு என்றால் குறைபாடு இல்லையாம். ஆறு மாதம் கழித்து வேறு வார்த்தைகளை வைத்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். அதுவரைக்கும் நான் ஐந்தாவது படித்த புத்திசாலி. நேற்று ஒரே மூச்சில் மூன்று யூனிஃபார்ம் தைத்தேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். இந்த மறதி காகிதத்தில் சேராது, பயப்படாதே. உன் மார்ச் கடிதம் இன்னொரு தடவையும் வந்தது, முதலில் வந்து நாலு நாள் கழித்து. ரத்தம் கொடுத்தேன், இருபத்தெட்டு வாங்கினேன், படிப்புக் கட்டத்தில் என்ன சொன்னாய், எல்லாம் அப்படியே. ஒரு பாடத்தை இரண்டு தடவை நடத்தினால்தான் மக்குப் பிள்ளைக்கு ஏறும் என்று நினைத்தாயாக்கும், டீச்சர்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

அதே கடிதத்தை இன்னொரு தடவை நான் எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் அப்படித்தான் சொன்னேன், சத்தமாக, காலி வீட்டில். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்தேன். உனக்கு முதல் பதில் எழுதிய அன்றைக்குப் பத்துத் தபால்தலை வாங்கினேன். உன்னைத் தவிர யாருக்கும் நான் கடிதம் எழுதுவதில்லை. இரண்டு கடிதம் போனால் எட்டு இருக்க வேண்டும். ஏழுதான் இருக்கிறது. அறை முழுக்கத் தேடினேன், விரிப்பைக்கூடத் தூக்கிப் பார்த்தேன்.

இதைப் பேனாவால் எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இது முதல் தடவை இல்லை. போன வருஷம் மழைக்காலத்தில் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நான்கு தெரு சேருகிற இடம். முப்பத்தாறு வருஷம் நடந்த வழி. அங்கே நின்றேன், என் வீடு எந்தத் தெரு என்று வரவில்லை. நான்கும் ஒரே மாதிரி இருந்தன. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என்னிடம் படித்த ஒருத்தி ஸ்கூட்டரை நிறுத்தி, "என்ன டீச்சர், யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்றாள். "உனக்காகத்தான், வீட்ல கொண்டுபோய் விடு" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து விட்டாள்.

அதிலிருந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறேன். மாத்திரை, பால், சாவி, பக்கத்து வீட்டுக்காரர் பேர். பரீட்சைக்குப் போனபோதும் பேருந்து எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டுதான் போனேன். பெட்டி வரைவதும் ஏழு கழிப்பதும் எனக்கு மறக்காது அக்கா. அது என் தொழில். மற்றதெல்லாம் போன பிறகும் அது இருக்கும் போல. அம்மாவுக்கு வாய்ப்பாடு இருந்த மாதிரி.

அம்மா கதவைச் சாத்துகிற முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷம் பார்த்தேன். அதனால் எனக்கு என்ன வரப்போகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பகலில் பரவாயில்லை, யாராவது கதவைத் தட்டினால்தான் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். திறந்தால் வந்திருப்பவர் யார் என்று தெரியுமோ, தெரியாதோ.

உன் பேத்தியிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. என்னிடம் இருபத்தெட்டு மார்க் இருக்கிறது, அதைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டுவேன். ஊரில் எல்லோரும் என்னை டீச்சர் என்று பார்க்கிறார்கள். அந்தப் பார்வை மாறினால் என்னால் தாங்க முடியாது. உன்னைத் திட்டினவள் இப்போது உன்னிடமே மறைக்கச் சொல்கிறேன். சிரித்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 24

என் சின்னவளுக்கு,

சிரிக்கவில்லை. கடிதத்தைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன். நீ திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அவள் இரண்டு தடவை படித்தாள். "சின்னப் பாட்டி படிச்ச படிப்பு அந்தப் பேப்பரை ஏமாத்திடுச்சு. உனக்கு வராத நோயைப் பேப்பர் வந்ததுன்னு சொல்லுச்சு, அவங்களுக்கு இருக்கறத இல்லன்னு சொல்லுது. மார்க்க விடு, அவங்களுக்கே தெரியுது பார், அதுதான் பெருசு" என்றாள். ரத்தத்தில் தைராய்டு குறைந்தாலும், ஒரு வைட்டமின் குறைந்தாலும்கூட இப்படித் தடுமாறுமாம், முதலில் அதைப் பார்க்க வேண்டுமாம். அதுவாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் என்ன என்றும் கேட்டேன். மருந்து தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது என்றாள். என்னிடம் பொய் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

"ஒரே அம்மா. அவளுக்கு இருக்கு, எனக்கு இல்ல. அந்த ஜீன் என்ன ஆள் பார்த்தா வருது?" என்றேன்.

"ஜீன் இருந்தா வந்தே தீரும்னு இல்ல பாட்டி. இல்லன்னா வராதுன்னும் இல்ல."

"அப்ப எதுக்குடி இத்தனை பேர் ரத்தத்த எடுத்து வெச்சிருக்கீங்க?"

"அது ஏன்னு தெரியாததாலதான்."

உன்னை நான்கு தெருக்களுக்கு நடுவில் தனியாக நிறுத்திவிட்டு என்னால் இங்கே தூங்க முடியாது. வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை, இது தெரிகிறது. மே மாதம் எட்டாம் தேதி நானும் பேத்தியும் வருகிறோம். நோட்டில் எழுதிக்கொள். தையல் மெஷினைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன், அந்த அறை உனக்கு. வெளிச்சம் நன்றாக வரும். வாயாடியிடம் சொன்னேன். "அவங்களுக்கு நான் யாருன்னு தெரியலன்னா?" என்று கேட்டாள். "தினம் போய்ச் சொல்லு, உனக்குத்தான் பேச ஆள் வேணுமே" என்றேன். சரி என்றுவிட்டாள்.

நேற்று எங்கள் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தேன். மருந்துக் கடை, சாவி செய்கிறவர், முடி வெட்டுகிற கடை, பேருந்து நிறுத்தத்தில் செய்தித்தாள் விற்கிறவர், ஒருத்தரையும் விடவில்லை. முதல் கடையில் எதற்கோ வந்த மாதிரி ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டேன். அப்புறம் சொன்னேன். என் தங்கை வரப்போகிறாள், பெரிய டீச்சர், அவளுக்கு மறதி நோய் மாதிரி இருக்கிறது, எங்கள் அம்மாவுக்கும் இருந்தது. எங்காவது நின்று யோசித்துக்கொண்டிருந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அவளுக்குக் கோபம் வரும். 'டீச்சர், அக்கா தேடறாங்க' என்று மட்டும் சொல்லிக் கூட நடந்து வாருங்கள். இதை ஏழு கடையில் சொன்னேன். ஏழாவது கடையில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"ஆள் எப்படி இருப்பாங்க?" என்று மருந்துக் கடைக்காரர் கேட்டார். என்னிடம் இருந்த உன் படத்தைக் காட்டினேன். நீ முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது, இரட்டைப் பின்னல். அவர் படத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "ஏம்மா, இந்தப் பொண்ணு தொலைஞ்சா நான் எங்க தேடறது? இதுக்கே இப்ப பேரன் இருக்குமே" என்றார்.

அதனால் ஒரு புதுப் படம் எடுத்து உடனே தபாலில் போடு. நரைத்த முடியோடு, வழக்கமாகப் போடுகிற கண்ணாடியோடு, வெளியே போகும்போது எப்படி இருப்பாயோ அப்படி. சுருக்கத்தை எடுத்துவிடுகிறேன் என்று ஸ்டூடியோக்காரன் சொன்னால் விடாதே. கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, மொத்தம் எட்டு அனுப்பு.

அக்கா